ரயில் நிலையத்துப் பப்பில் என் முறையைக் காத்துத் தந்தவர்

குடியால் சிதைந்த வீட்டில் வளர்ந்தவன் நான். டாஸ்மாக் கடை இருந்த தெருவைத் தவிர்ப்பதற்காகவே அம்மா என்னைச் சுற்றுவழியில் பள்ளிக்கு அழைத்துப் போவார். லண்டனுக்கு வேலைக்கு வந்து ஐந்து மாதங்கள் ஆகியும் எந்தப் பப்புக்குள்ளும் நான் காலடி வைக்கவில்லை. சக ஊழியர்கள் கூப்பிடும்போதெல்லாம் ஏதாவது சொல்லித் தப்பித்துவிடுவேன்.

ஒரு ஜனவரி மாலை. பலத்த காற்றில் எங்கோ மரம் சாய்ந்து பாதை அடைபட, இல்ஃபோர்டு பக்கம் போகும் வண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன. லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில் உட்கார ஓர் இடம் கிடைக்கவில்லை. குளிர் காலணியைத் துளைத்துக்கொண்டு ஏறியது. நிலையத்தை ஒட்டி ஹாமில்டன் ஹால் என்று ஒரு பப் இருக்கிறது. நாடெங்கும் கிளைகள் உள்ள வெதர்ஸ்பூன் நிறுவனத்துடையது. கொஞ்சம் கதகதப்பாக நின்றால் போதும் என்றுதான் நுழைந்தேன்.

நிமிர்ந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அவ்வளவு உயரமான கூரை, அதில் சுதை வேலைப்பாடு. கிரேட் ஈஸ்டர்ன் ஹோட்டலின் நடனக்கூடமாக இருந்த இடமாம். 1991இல் பப்பாக மாறியிருக்கிறது. கிரேட் ஈஸ்டர்ன் ரயில்வேயின் தலைவராக இருந்த கிளாட் ஹாமில்டன் பிரபுவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நான் பயந்த இடம் இது இல்லை. ஒரு மேசையில் மூதாட்டி ஒருவர் செய்தித்தாள் விரித்துப் படித்துக்கொண்டிருந்தார். கட்டடத் தொழிலாளர்கள் காலணிச் சேற்றோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மேசையில் கோட்டு அணிந்த அலுவலகக்காரர்கள். பாட்டுச் சத்தம் கிடையாது. இந்த நிறுவனத்தின் பப்களில் பெரும்பாலும் இசை போடுவதில்லை. மனிதர்கள் பேசும் ஓசை மட்டும், திருமண மண்டபத்தில் பந்திக்கு முன் எழுமே, அதைப்போல.

வெகுநேரம் உட்கார்ந்திருந்தும் யாரும் வந்து என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. பப்பில் பரிமாறுபவர் வரமாட்டார், நாமே கவுன்ட்டருக்குப் போய்ச் சொல்லிக் காசு கொடுத்து எடுத்துவர வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. மற்றவர்களைப் பார்த்துப் புரிந்துகொண்டு எழுந்து போனேன். அங்கே இன்னொரு குழப்பம். நீளமான கவுன்ட்டர், அதன்மேல் சாய்ந்து பத்துப் பதினைந்து பேர், வரிசையே இல்லை. நான் ஒருவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். எனக்குப் பின் வந்தவர்கள் பக்கவாட்டில் புகுந்து வாங்கிக்கொண்டு போனார்கள். என் நிறத்தால்தான் என்னைக் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு வந்ததும் தொண்டை அடைத்தது.

அப்போது பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் சற்று விலகி, கவுன்ட்டர் விளிம்பில் எனக்கு இடம் விட்டார். எழுபது வயது இருக்கும். தட்டையான கம்பளித் தொப்பி. முன்னால் வந்து நில், பணியாளரின் கண்ணில் படு, உனக்கு முன் யார் வந்தார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள் என்று மெதுவாகச் சொன்னார். இரண்டு நிமிடம் கழித்துப் பணியாளர் பெண் அவரைப் பார்த்து அடுத்தது நீங்களா என்று கேட்டார். பெரியவர் என்னைக் காட்டி, இவர் எனக்கு முன்பே வந்துவிட்டார் என்றார்.

என் வாழ்நாளில் மறக்க முடியாத சொல் அது. அன்று நான் வாங்கியது ஒரு தேநீர்தான். வண்டி மீண்டும் ஓடும்வரை இரண்டு மணி நேரம் அதே மேசையில் இருந்தேன். ஏன் இருக்கிறாய், இன்னும் ஏதாவது வாங்கு என்று எவரும் சொல்லவில்லை.

இன்றுவரை நான் குடிப்பதில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத அந்த வரிசையை மிகவும் மதிக்கிறேன். எழுதிவைத்த விதி ஒன்றுமில்லாமல், அறிமுகமற்றவர்கள் ஒருவர் முறையை ஒருவர் காத்துக் கொடுக்கிறார்கள். 2020 மார்ச் 20 அன்று கொரோனாவால் பப்கள் மூடப்பட்டு, இங்கிலாந்தில் ஜூலை 4 அன்று திறந்தபோது கவுன்ட்டரில் நிற்கும் வழக்கமே நின்றிருந்தது. அதன்பின் பல இடங்களில் மக்கள் தபால் அலுவலகத்தைப்போல ஒருவர் பின் ஒருவராக நிற்கிறார்கள். எனக்கு அது உண்மையாகவே வருத்தம் தருகிறது. புதிதாக வருகிறவனை நகர்ந்து பக்கத்தில் சேர்த்துக்கொள்ள அந்த வரிசையில் இடமில்லை.

* * *

மேலே எழுதியவர் சொன்னது எனக்கும் நடந்திருக்கிறது, ஆனால் என் முதல் அனுபவம் கசப்பானது. முதுகலை படிக்க வந்த முதல் மாதம், வடக்கே ஒரு நகரம், ரயில் நிலையத்துக்கு எதிரே பெரிய பப். பெயர் வேண்டாம். நண்பனின் பிறந்தநாள். எனக்கு 23 வயது. 18 நிரம்பியவர்களுக்குத்தான் மது விற்கலாம் என்பது சட்டம். 25க்குக் கீழே தோற்றம் இருந்தால் அடையாளச் சான்று கேட்பது இங்கே பரவலான வழக்கம். நான் தமிழ்நாட்டு ஓட்டுநர் உரிமத்தை நீட்டினேன். செல்லாது என்றார்கள். பல்கலைக்கழக அட்டையும் செல்லாது. அன்று அந்த ஊரில் கால்பந்துப் போட்டி வேறு. வாசலில் காவலர்கள், உள்ளே பிளாஸ்டிக் குவளைகள், எல்லாரும் இறுக்கமாக இருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் வெளியே அனுப்பப்பட்டது இன்னும் உறுத்துகிறது. விதியைக் குறை சொல்லவில்லை; சொன்ன விதம்தான் வலித்தது. புதிதாக வரும் மாணவர்களுக்கு ஒன்று: பாஸ்போர்ட்டை இரவில் எடுத்துத் திரியாதீர்கள். இங்கே தற்காலிக ஓட்டுநர் உரிமம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்தபோது 34 பவுண்டு ஆனது. அதன்பின் யாரும் தடுத்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நண்பர்கள் கூட்டமாகப் போனால் ஒருவர் எல்லாருக்கும் சேர்த்து வாங்குவார், அடுத்த முறை இன்னொருவர். இதை ‘ரவுண்ட்’ என்பார்கள். நம் ஊர் மொய் மாதிரிதான். யாரும் நோட்டில் எழுதுவதில்லை, ஆனால் யார் வைத்தார், யார் வைக்கவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆரஞ்சுச் சாறு மட்டும் குடிப்பவரும் தன் முறை வரும்போது எழுந்து போக வேண்டும். நான் முதல் சில வாரம் தெரியாமல் உட்கார்ந்தே இருந்தேன். ஒருவரும் சுட்டிக்காட்டவில்லை. பிறகு ஒரு தோழி தனியாக அழைத்துச் சொன்னாள்; அவளுக்கு இன்றும் நன்றி.

* * *

மேலே இருவர் எழுதியதையும் படித்தேன். நான் கிளாஸ்கோவில் இருக்கிறேன். அப்பா கும்பகோணத்தில் கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். போன கோடையில் வந்திருந்தார். ஓபன் (Oban) என்ற ஊருக்குப் போகும் வண்டிக்கு நேரம் இருந்தது. குயின் ஸ்ட்ரீட் நிலையத்துக்கு மிக அருகே, ஜார்ஜ் சதுக்கத்தின் மூலையில் இருக்கும் கவுண்டிங் ஹவுஸ் என்ற பப்புக்கு அழைத்துப் போனேன். மது விற்கும் இடம் என்று தெரிந்ததும் வாசலிலேயே தயங்கினார். இது பழைய பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து கட்டடம் அப்பா என்றேன். உடனே உள்ளே வந்தார்.

மேலே கண்ணாடிக் குவிமாடம். அதன் கீழே நின்றுகொண்டு, மேலாளர் அறை இந்தப் பக்கம் இருந்திருக்கும், காசு வாங்கும் கவுன்ட்டர் அந்தப் பக்கம், பெட்டகம் கீழே என்று அவராகவே கணக்குப் போட்டுக் கொண்டிருந்தார். தேநீர் இயந்திரத்தில் மறுபடி எவ்வளவு வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம் என்றால் நம்பவில்லை. இரண்டாவது கோப்பை பிடிக்கும்போது பணியாளரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பையன் சிரித்துத் தலையசைத்தான். அம்மா போனபிறகு அப்பா அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கணக்கு நேராகாமல் இரவு ஒன்பது மணிவரை கிளையில் இருந்தது, மேலாளர் தன் வீட்டிலிருந்து சாப்பாடு வரவழைத்தது, எல்லாம் சொன்னார்.

கிளம்பும்போது குவிமாடம் தெரியும்படி ஒரு படம் எடுக்கச் சொன்னார். சட்டையைச் சரிசெய்துகொண்டு, கைகளைப் பக்கவாட்டில் வைத்து, கிளை ஆண்டுவிழாப் படங்களில் நிற்பதைப்போல நிமிர்ந்து நின்றார்.