பழைய மௌண்டன் பைக்குக்குப் புதுச் சாமான் போடுவது விசர் வேலையா?

ஓர்ஸ்ஹில்_சங்கிலி

ரயர் பற்றிய திரியில் உப்புக்காற்று அண்ணை இப்படி எழுதியிருக்கிறார்: "பழைய மௌண்டன் பைக்கில் கசெற் ஹப் போட நினைப்பவன் காசை நேரே கடலில் கொட்டலாம். பிறேம் 130, ஹப் 135, கதை முடிந்தது." (ஹப் என்றால் சில்லின் நடுக்குடம். 130, 135 என்பது பின் சில்லு பூட்டும் இடத்தில் பிறேமின் இடைவெளியும் ஹப்பின் அகலமும், மில்லிமீற்றரில்.) வாசித்ததில் இருந்து எரிச்சல். அங்கே பதில் போட்டால் ரயர் கதை கெடும், அதனால் இங்கே.

என்னிடம் இருப்பது கொண்டெய்னரில் வந்த ஜப்பான் பைக். குரோமோலி (கலப்பு இரும்பு) பிறேம், 26 அங்குலச் சில்லு, முன்னால் 28-38-48 பல்லு, பின்னால் 7 கியர் பிறீவீல் (ஹப்பில் திருகிப் பூட்டும் பல்லுக்கட்டு) 14-28, கன்ரிலீவர் பிறேக். இதில் ஆக இலகுவான கியர் 28க்கு 28, அதாவது ஒன்றுக்கு ஒன்று. முன்னால் 32 பல்லு ஒன்றை மட்டும் விட்டு, பின்னால் 9 கியர் 11-42 கசெற் (ஹப்பில் செருகும் பல்லுக்கட்டு) போட்டால் 32க்கு 42, அதாவது 0.76. எண் குறையக் குறைய மிதிப்பது இலகு. வெயிலில் மேடு ஏறுகிறவனுக்கு இந்த வித்தியாசம் தெரியும். அதோடு பிறீவீல் ஹப்பில் வலது பக்க போல்ஸ் (உருளும் குண்டுகள்) உள்ளே தள்ளி இருப்பதால் அக்சில் (அச்சு) வளையும். கசெற் ஹப்பில் அந்தத் தொல்லை குறைவு.

சரி, பிறேம் 130தான். 5 மில்லிமீற்றர் குறைவு. பக்கத்துக்கு இரண்டரை. இரும்பு பிறேமை மரச்சட்டத்தால் நெம்பி விரித்து, நூல் கட்டி நேர் பார்க்கும் முறையை 2008இல் காலமான அமெரிக்க சைக்கிள் மெக்கானிக் ஷெல்டன் பிரவுண் எப்போதோ விளக்கி எழுதிவிட்டார். அலுமினியத்தில் செய்யக்கூடாது, இரும்பில் செய்யலாம். இதில் கடல் எங்கே வந்தது?

உப்புக்காற்று

தம்பி, ஷெல்டன் பிரவுண் இருந்தது மசாசூசெற்ஸில். நீங்கள் இருப்பது திருகோணமலையில். இங்கே மூன்று பக்கமும் உப்பு. குழாய் உள்பக்கமாகத் துருப்பிடித்துக் கிடக்கும், வெளியே பெயின்ற் பளபளக்கும். அதை நெம்பினால் பிறேம் விரியாது, வெடிக்கும். 5 மில்லிமீற்றர் என்று சும்மா சொல்கிறீர்கள். 5 மில்லிமீற்றர் 5 மில்லிமீற்றர்தான்.

நிலாவெளி_29

ரெண்டு பேரும் எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள்? இப்போது பின் ஹப் 148, 12 மில்லிமீற்றர் ஊடே போகும் அக்சில், ஹைட்ரோலிக் டிஸ்க். 130ஆ 135ஆ என்று அடிபடுவது பிணத்துக்குப் பட்டு வேட்டி நாலு முழமா எட்டு முழமா என்கிற கதை. புதுசு ஒன்று வாங்குங்கள்.

ஓர்ஸ்ஹில்_சங்கிலி

நிலாவெளி, உங்கள் பைக்கை நான் பார்த்திருக்கிறேன். வான் வண்டிக்குப் பின்னால் கட்டி உப்புவெளிக் கடற்கரைக்கு வரும், ஒரு படம் எடுக்கும், திரும்ப வானில் ஏறும். அந்த வேலைக்கு 148 போதாது, 157 வாங்குங்கள்.

உப்புக்காற்று அண்ணைக்கு: இந்த பிறேம் ஜப்பானில் கிடந்து வந்தது. சீற் போஸ்ரைக் கழற்றி ரோர்ச் அடித்துப் பார்த்தேன், பொட்டம் பிரக்கெற்றையும் (மிதி அச்சுச் சாமான்) கழற்றிப் பார்த்தேன். மேல்துரு மட்டும். அடியில் தண்ணீர் வடியும் ஓட்டையும் அடைபடவில்லை. சேர்லி என்ற அமெரிக்கக் கொம்பனி கிறொஸ்-செக் என்று ஒரு இரும்பு பிறேம் விற்றது. அதன் பின் இடைவெளி 132.5. ஏன் தெரியுமா? 130 ஹப்பும் போகட்டும், 135 ஹப்பும் போகட்டும் என்றுதான். வேணுமென்றே அப்படிச் செய்தார்கள். இரும்பு வளைந்து கொடுக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். 5 மில்லிமீற்றருக்கு இவ்வளவு பயமா?

உப்புக்காற்று

132.5இல் இருந்து 135க்கு இரண்டரை. உங்களுக்கு ஐந்து. இரட்டிப்பு. கணக்குத் தெரிந்தவர் என்று நினைத்தேன்.

ஓர்ஸ்ஹில்_சங்கிலி

பக்கத்துக்கு இரண்டரை என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறேன். கண்ணாடியைப் போட்டு வாசிக்கவும்.

உப்புக்காற்று

அவர்களுக்குப் பக்கத்துக்கு ஒன்றேகால். கண்ணாடி உங்களுக்குத்தான் தேவை.

கிண்ணியா_பாலம்

அண்ணாமார், இடையில் ஒன்று கேட்கலாமா? எனக்கும் இப்படி ஒரு பைக் இருக்கிறது. கடையில் 26 அங்குலம் என்று தந்த ரயர் றிம்மில் ஏறவே இல்லை. கடைக்காரர் என் றிம் பிழை என்கிறார்.

ஓர்ஸ்ஹில்_சங்கிலி

றிம் சரி, ரயர்தான் பிழை. ரயர் பக்கவாட்டில் 26 × 1⅜ என்று இருக்கும் பாருங்கள். அது சாதா சைக்கிள் ரயர், உள்விட்டம் 590. மௌண்டன் பைக் 26 என்றால் 559. இரண்டுக்கும் பெயர் 26, ஒன்றில் மற்றது ஏறாது. 26 × 1.95 அல்லது 2.1 என்று புள்ளி போட்ட எண் உள்ளதைக் கேளுங்கள்.

இப்படித்தான் விஷயம் தெரிந்தவன் பதில் சொல்வான். பயமுறுத்துவது பதில் இல்லை.

உப்புக்காற்று

இது எனக்குச் சொன்னதா?

நிலாவெளி_29

இல்லை அண்ணை, கடலுக்குச் சொன்னது.

சங்கிலி, இன்னொன்று. வி-பிறேக் போடப்போவதாகப் போனமுறை எழுதினீர்கள். பிறேக் லீவரையும் மாற்றுகிறீர்களா? ஷிமானோ 1996இல் வி-பிறேக் கொண்டுவந்தபோது லீவரையும் சேர்த்துத்தான் மாற்றியது. கன்ரிலீவர் லீவர் கேபிளை இழுக்கும் தூரம் குறைவு. அப்படியே பூட்டினால் லீவர் ஹாண்டிலில் வந்து முட்டும். ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் அப்போது தெரியும்.

ஓர்ஸ்ஹில்_சங்கிலி

லீவர் ஏற்கனவே வாங்கியாச்சு. ஓர்ஸ் ஹில்லை நீங்கள் பைக்கில் ஏறியதுண்டா, வானிலா?

நிலாவெளி_29

அதெல்லாம் ஒரு மலையா? பெயரில்தான் ஹில். கோணேசர் கோயிலுக்குக் கோட்டை வாசலில் இருந்து ஏறும் பாதை அதைவிட ஏற்றம்.

ஓர்ஸ்ஹில்_சங்கிலி

கச்சான் காற்று அடிக்கிற நேரம் ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து ஒருக்கா ஏறிக் காட்டும். பிறகு கதைப்போம்.

உப்புக்காற்று

பேச்சை மாற்ற வேண்டாம். நான் கேட்டது 5 மில்லிமீற்றர். விரித்த பிறகு டிறொப்அவுற் (அக்சில் உட்காரும் பிறேம் நுனி) இரண்டும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக நிற்காது, வெளிப்பக்கம் பார்க்கும். அதை நேராக்காமல் ஹப்பை இறுக்கினால் அக்சில் வளையும். அக்சில் வளையக்கூடாது என்றுதானே கசெற் போடுகிறீர்கள்? பின் கியர் மாற்றி தொங்கும் காதும் சேர்ந்து திரும்பும், 9 கியர் ஒழுங்காக விழாது. இதற்குப் பதில் சொல்லவில்லையே.

ஓர்ஸ்ஹில்_சங்கிலி

நேராக்குவேன். இரண்டு நீள போல்ட், நாலு நட், டிறொப்அவுற்றில் பூட்டி முகத்துக்கு முகம் பிடித்தால் முடிந்தது. காதுக்கும் தனிச் சாவி இருக்கிறது. நீங்கள் 'வெடிக்கும்' என்றீர்கள். இப்போது 'சமாந்தரம் இல்லை' என்கிறீர்கள். அடுத்தது என்ன, ராகுகாலமா?

உப்புக்காற்று

வெடிக்கும் என்றதை நான் திரும்ப வாங்கவில்லை. சாவி என்றதும் ஞாபகம் வருகிறது. என் பிறீவீல் கழற்றும் சாவி உங்களிடம்தான் இருக்கிறது. பெற்றோல் வரிசைக் காலத்தில், 2022இல் வாங்கினது.

ஓர்ஸ்ஹில்_சங்கிலி

அது இரண்டு பல்லுச் சாவி, என் பிறீவீலுக்கு நாலு பல்லுச் சாவி வேணும். எனக்கு அதால் பிரயோசனமே இல்லை. அந்த வருடம் சைக்கிளுக்கு யானை விலை வந்தபோது ஓடாத சைக்கிள் ஒன்றை எனக்கு விற்கப் பார்த்தீர்கள், அதையும் சொல்லட்டா?

உப்புக்காற்று

ஓடாத சைக்கிள் இல்லை. ரியூப் மட்டும் போனது. பிரயோசனம் இல்லாத சாவி என்றால் ஏன் வைத்திருக்கிறீர்கள்?

கிண்ணியா_பாலம்

நன்றி அண்ணா, புள்ளி உள்ள ரயர் சரியாக ஏறியது. ஒரு யோசனை: 7 கியர் கசெற் ஹப் 130 அளவில் பழசாக எங்காவது கிடைத்தால் பிறேமைத் தொடவே தேவையில்லைத்தானே? ரோட் பைக் ஹப்பும் 130தானே?

நிலாவெளி_29

நாலு நாளாக அடிபடுகிற ஆட்களுக்கு ஒரு தங்கச்சி வழி காட்டுகிறா.

கிண்ணியா_பாலம்

தங்கச்சி இல்லை, தம்பி.

ஓர்ஸ்ஹில்_சங்கிலி

ரோட் ஹப் 130 என்பது உண்மை. 8, 9 கியர் கசெற்றும் அதில் ஏறும். ஆனால் வலது பக்கம் கம்பி செங்குத்தாக நிற்கும், சில்லுக்குப் பலம் குறையும். 32 ஓட்டை ரோட் ஹப்பை என் 36 ஓட்டை றிம்மில் கட்டவும் முடியாது. நல்ல 36 ஓட்டை 135 ஹப் மேசையில் இருக்கும்போது 5 மில்லிமீற்றருக்காக ஹப்பை மாற்றுவதா? பிறேமைத்தான் மாற்றுவேன். கொள்கை.

உப்புக்காற்று

பிடிவாதம் என்று எழுதவும்.

ஓர்ஸ்ஹில்_சங்கிலி

சனிக்கிழமை விரிக்கிறேன். நூல் கட்டிய படம், கலிப்பர் வைத்த படம் எல்லாம் இங்கே போடுவேன். விரித்து 135 காட்டினால் என்ன சொல்வீர்கள்?

உப்புக்காற்று

கலிப்பரை டிறொப்அவுற்றின் உள்முகத்தில் வைக்க வேண்டும். வெளிமுகத்தில் வைத்து 135 காட்டி ஏமாற்றலாம். உள்முகம்.

ஓர்ஸ்ஹில்_சங்கிலி

உள்முகத்தில்தான் 130 அளந்தேன்.

உப்புக்காற்று

யார் கண்டது. முதல் படம் எங்கே?

ஓர்ஸ்ஹில்_சங்கிலி

படம் போடாவிட்டால் பிறேம் சுருங்கிவிடுமா?

நிலாவெளி_29

சனிக்கிழமை நானும் வருகிறேன். வானில்.

உப்புக்காற்று

வரும்போது சாவியை வாங்கிக்கொண்டு வாரும்.