காலையில் மட்டும் மக்கர் செய்யும் 1996 பென்ஸ் ஈ250 டீசல்: பம்பை இறக்கத்தான் வேண்டுமா?

கீழக்கரை வெள்ளை பென்ஸ் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம்.

வண்டி 1996 மெர்சிடிஸ் பென்ஸ் ஈ250 டீசல், டபிள்யூ124 மாடல். புனேயில் 1995இல் பாகங்களைப் பூட்டித் தயாரிக்க ஆரம்பித்தார்களே, அந்த வரிசையில் வந்தது. ஐந்து சிலிண்டர், டர்போ கிடையாது. வாப்பா 2003இல் சென்னையில் செகண்ட் ஹேண்டாக வாங்கினார். இப்போது 3,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாப்பாவுக்கு 79 வயது, இரண்டு முட்டியிலும் தேய்மானம். உயரமான வண்டியில் ஏற முடியாது, தாழ்ந்த வண்டியிலிருந்து எழ முடியாது. இந்தப் பின்சீட்டில் மட்டும் யார் கையையும் பிடிக்காமல் உட்கார்ந்து எழுகிறார். அதனால்தான் இதை விட மனமில்லை. ஓட்டுவது நான்தான்.

பிரச்சினை காலையில் மட்டும். சாவியைத் திருப்பினால் ஹீட்டர் விளக்கு எரிந்து அணைகிறது. அப்புறம் ஸ்டார்ட்டர் பத்துப் பன்னிரண்டு விநாடி சுற்றினால்தான் எஞ்சின் பிடிக்கிறது. பிடித்த வேகத்தில் அணைந்தும் விடுகிறது. மறுபடி அடித்தால் வண்டியே உதறும், வெள்ளைப் புகை எதிர்வீட்டு வாசல் வரை போகும். ஒரு நிமிடம் கழித்து எதுவுமே நடக்காததுபோல் சீராகிவிடும். அதன் பிறகு நாள் முழுக்கத் தொட்டால் ஸ்டார்ட். மதுரை வரை ஏசி போட்டுக்கொண்டு போனாலும் இழுவை குறையவில்லை, லிட்டருக்கு 13 கொடுக்கிறது. நாலைந்து நாள் எடுக்காமல் விட்டால் மட்டும் மறுநாள் காலைப் பாடு இரண்டு மடங்கு.

பேட்டரி மூன்று மாதத்துக்கு முன்பு புதிது. டீசல் ஃபில்டர் மாற்றியாயிற்று. ஸ்டார்ட்டர் கார்பனும் மாற்றியாயிற்று.

மதுரையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பானெட்டைத் திறந்து கால் மணி நேரம் பார்த்துவிட்டு, "டீசல் பம்ப் போயிடுச்சு, இறக்கி கோயம்புத்தூருக்கு அனுப்பணும்" என்றார்கள். 85,000 ரூபாய், ஒரு மாதம். ஒரு மீட்டர்கூட வைத்துப் பார்க்கவில்லை. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரு மாதம் வண்டி இல்லையென்றால் வாப்பா வீட்டோடு முடங்கிவிடுவார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உதவுமா தெரியவில்லை. போன வாரம் ராமநாதபுரத்தில் பெரியம்மா வீட்டில் இரண்டு இரவு தங்கினோம். இரண்டு காலையும் முதல் அடியிலேயே ஸ்டார்ட் ஆகிவிட்டது! நம் ஊரிலிருந்து 17 கிலோமீட்டர்தான். அங்கே கடல் காற்று குறைவு, அதனால் இருக்குமோ என்று நினைத்தேன். அவர்கள் வீட்டுப் போர்டிகோ வேறு பள்ளம். தெருவில் ரோட்டுக்கு மேலே ரோடு போட்டுப் போட்டு வாசல் கீழே போய்விட்டது, வண்டியை இறக்கும்போது முன்பம்பர் தட்டிவிடுமோ என்று பயந்துகொண்டேதான் இறக்கினேன். எங்கள் வீடு அதற்கு நேர்மாறு, மழைத் தண்ணீருக்குப் பயந்து மூன்றடி உயர்த்திக் கட்டியது. சாய்தளத்தில் ஏற்றித்தான் நிறுத்துவோம்.

அப்புறம், ஜாக்கி வைக்கும் இடத்து வட்ட மூடியைத் திறந்தால் துரு பொடிப்பொடியாக உதிர்கிறது. வண்டியை இத்தனை வருடமும் கிணற்றுத் தண்ணீரில்தான் கழுவுகிறோம். அதற்கும் வழி சொல்லுங்கள்.

காரைக்குடிக்காரர் எழுதியது:

ஹீட்டர் பிளக்கை, அதாவது ஸ்டார்ட்டுக்கு முன் எஞ்சினுக்குள் சூடேற்றும் பிளக்குகளை, முதலில் பாருங்கள். இந்த எஞ்சினில் டீசல் ஒரு சிறிய முன்னறையில் பற்றிக்கொண்டு, பிறகுதான் சிலிண்டருக்குள் பாய்கிறது. அந்த அறை குளிர்ந்து கிடந்தால் நம் ஊர் வெயிலிலும் சட்டென்று பிடிக்காது. ஐந்தில் இரண்டு செத்திருந்தாலே உதறலும் வெள்ளைப் புகையும் வரும். வெள்ளைப் புகை என்பது எரியாமல் வெளியேறும் டீசல்.

பிளக்குகள் இன்டேக் மேனிஃபோல்டுக்கு (எஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) அடியில் இருக்கின்றன. சோதிப்பதற்காக அதைக் கழற்ற வேண்டாம். ஹீட்டர் ரிலேயிலிருந்து பிளக்குகளுக்குப் போகும் சாக்கெட்டை உருவி, ஒவ்வொரு வயருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். ஒரு ஓமுக்குக் கீழே காட்டினால் உயிரோடு இருக்கிறது. மீட்டர் அசையவே இல்லையென்றால் செத்தது. செத்திருந்தாலும் உடனே ஸ்பேனர் போட விடாதீர்கள். கார்பன் பிடித்து இறுகியிருக்கும், பாதியில் ஒடிந்தால் எஞ்சினின் ஹெட்டையே இறக்க வேண்டிவரும்.

எஞ்சின் வயரிங்கையும் வளைக்காமல் கையாளச் சொல்லுங்கள். தொண்ணூறுகளின் நடுவில் வந்த இந்த மாடல்களில் வயரின் மேல்தோல் சூட்டில் காய்ந்து நொறுங்குவது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

பாம்பன் போட் மெக்கானிக் எழுதியது:

அக்கா, பம்பைத் தொட விடாதீர்கள். உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. பெரியம்மா வீட்டுப் போர்டிகோவைப் பற்றிச் சொன்னீர்களே, அதுதான்.

நான் விசைப்படகு எஞ்சின் பார்ப்பவன், 26 வருடமாக. உங்கள் வண்டி மாதிரி ஒன்றைத்தான் இரண்டு வருடமாகக் கையில் வைத்துப் பராமரிக்கிறேன், தங்கச்சிமடத்தில் ஒருவருடையது. படகோ பென்ஸோ, டீசல் டீசல்தான். டாங்க் பின்னால் கீழே இருக்கிறது, பம்ப் முன்னால் மேலே இருக்கிறது. நடுவில் இருக்கும் பைப் முழுவதும் டீசல் நிரம்பி நிற்கும் வரை சாவியைத் திருப்பியதும் பிடிக்கும். எங்கேயாவது மூட்டை அடைக்கும் ரப்பர் வளையம், ஓரிங், ஒன்று காய்ந்து, தலைமுடி அளவுக்கு வழி விட்டால் போதும். இரவில் அந்த வழியாகக் காற்று உள்ளே போகும், டீசல் மெல்லப் பின்வாங்கி டாங்குக்கே இறங்கிவிடும். காலையில் ஸ்டார்ட்டர் சுற்றுவதெல்லாம் அந்தக் காலிப் பைப்பை நிரப்பத்தான். முதலில் பிடித்து அணைவது பம்பில் மிச்சம் இருந்த டீசல், அது தீர்ந்ததும் காற்று வருகிறது. நாலு நாள் விட்டால் நன்றாக இறங்கிவிடும், அதனால் இரண்டு மடங்கு நேரம்.

உங்கள் வீட்டில் வண்டியின் மூக்கு மேலே நிற்கிறது, டீசல் பின்னால் ஓட வசதி. பெரியம்மா வீட்டில் மூக்கு கீழே, டீசல் முன்னாலேயே தங்கிவிட்டது. கடல் காற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பம்ப் தேய்ந்திருந்தால் கதையே வேறாக இருக்கும். சூட்டில் டீசல் தண்ணீர் மாதிரி இளகிவிடும், தேய்ந்த பம்பில் கசியும். அப்போது மதுரை போய் ஏசியோடு நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து எடுக்கும்போதுதான் முதலில் சிரமம் தெரியும். உங்களுக்கு அது இல்லை, இழுவையும் குறையவில்லை.

காசு செலவில்லாமல் இன்றிரவே சோதிக்கலாம். சாய்தளத்தில் ரிவர்ஸில் ஏற்றி, மூக்கு தெருவைப் பார்த்துக் கீழே இருக்கிற மாதிரி நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கை நம்பாமல் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். காலையில் முதல் அடியில் பிடித்தால் பம்ப் நல்ல பம்ப். அப்படியே பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகும் பைப்புகள் கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் பிளாஸ்டிக். மூக்கு மேலே நின்ற காலையில் அதில் குமிழி ஓடும். மூக்கு கீழே நின்ற காலையில், காற்று போன அதே வழியில் டீசல் கசிந்து ஈரம் காட்டும். எந்த மூட்டு என்று அதுவே சொல்லிவிடும்.

ஒரு மூட்டு கசிந்தால் எல்லா ஓரிங்கையும் மாற்றிவிடுங்கள், எல்லாம் ஒரே வயதுதானே. கடையில் கிடைக்கும் சாதா ரப்பர் வேண்டாம், டீசலில் ஊறிப்போகும். டீசலைத் தாங்கும் விட்டான் ரப்பர் ஓரிங் கேளுங்கள். பைப்பும் காய்ந்து போயிருக்கும், முறுக்கினால் வெடிக்கும், அதனால் பைப் செட்டையும் சேர்த்தே வரவழையுங்கள். மேலே பசை அப்புகிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கரைந்து உள்ளே போனால் அப்போது நிஜமாகவே பம்ப் போகும். மாட்டும்போது ஃபில்டரில் சுத்தமான டீசலை ஊற்றி நிரப்பிவிட்டு மாட்டச் சொல்லுங்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு 15 விநாடிக்கு மேல் விடாமல் சுற்றாதீர்கள். ஒரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி அடியுங்கள், இல்லையென்றால் ஸ்டார்ட்டர் கருகும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் நானே இந்தத் தவறைச் செய்தேன். மீன்பிடித் தடைக்காலம் (இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்) முடிந்து படகு இறக்கும்போது பாதிப் படகுகள் இப்படித்தான் ஏர் பிடித்து நிற்கும். ஒருவருக்குப் பம்ப் என்று சொல்லி இறக்க வைத்தேன். பம்ப் சரிசெய்து வந்து மாட்டியும் அதே கோளாறு. கடைசியில் பார்த்தால் ஒரு செம்பு வாஷர். சீசனின் முதல் பத்து நாள் அவர் கடலுக்குப் போகவில்லை, நல்ல இறால் பட்ட நாட்கள். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதிலிருந்து, காற்று இல்லை என்று கண்ணால் பார்க்காமல் நான் பம்பில் ஸ்பேனர் வைப்பதில்லை.

காரைக்குடி அண்ணன் சொன்ன பிளக் சோதனையையும் செய்யுங்கள். கூடவே எர்த் வயர். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே பின்னல் மாதிரி ஒரு பட்டை இருக்கும், நம் கரையில் அது உள்ளுக்குள் பச்சை பூத்துவிடும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி மைனசுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் மீட்டர் வைத்தால் அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

தேவிபட்டினம் பெரியவர் எழுதியது:

எஞ்சினைத் தம்பி சொல்லிவிட்டார். தாயி, கிணற்றுத் தண்ணீரை இன்றோடு நிறுத்து. உப்பைக் கழுவுகிறோம் என்று நினைத்து உப்பையே ஊற்றிக்கொண்டிருக்கிறாய். நம் ஊர்க் கிணற்று நீர் காய்ந்தால் பக்கெட்டின் விளிம்பில் வெள்ளையாக நிற்கிறதே, அதே படிவு ஜாக்கிக் குழிக்குள்ளும் கதவின் அடிமடிப்பிலும் நிற்கும். காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக்கொள்ளும். கடற்கரையில் பெரும்பாலான இரவுகள் அப்படித்தான். வண்டி நனையாமலே நனைந்துகொண்டிருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் மாடித் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்து, அதைத்தான் நான் என் காருக்கு வைத்துக்கொள்கிறேன். அது தீர்ந்தால் குழாயில் வரும் காவிரித் தண்ணீர் இரண்டு குடம், அடிப்பாகத்துக்கு மட்டும். மேலே ஈரத்துணி போதும். தனுஷ்கோடிப் பக்கம் போய்வந்தால் அன்றைக்கே அடியைக் கழுவிவிட வேண்டும், மறுநாள் வரை விடாதே.

உன் மாடலில் பக்கவாட்டில் கதவுக்குக் கீழே பிளாஸ்டிக் பலகை ஓடுகிறது. அதைக் கழற்றாமல் துருவின் அளவு தெரியாது. முன் சக்கரத்துக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறையின் பின்னால் மண் அடைந்திருக்கும், பேட்டரிக்கு அடியிலும் பார். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, வெள்ளை இரும்பு தெரிந்த பிறகு பிரைமர், அதன் மேல் பெயிண்ட், குழிக்குள் மெழுகு எண்ணெய். துருவின் மேலேயே கறுப்பாகத் தார் மாதிரி அண்டர்கோட்டிங் அடித்து அனுப்புவார்கள், ஒத்துக்கொள்ளாதே. வெளியே பளபளக்கும், உள்ளே ஈரத்தை அடைத்துவைத்து அரிக்கும். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுகிற வழக்கம் இருந்தால் அதையும் எடுத்துவிடு. காற்றோட்டமான நிழல் போதும்.

கீழக்கரை வெள்ளை பென்ஸ் எழுதியது:

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

அன்றிரவே ரிவர்ஸில் ஏற்றி, இரண்டு சக்கரத்துக்கும் செங்கல் வைத்தேன். சுபுஹு தொழுகைக்கு வாப்பாவை அழைத்துப் போக சாவியைத் திருப்பினேன், இரண்டு விநாடியில் பிடித்துவிட்டது. நடுங்கிப் போனேன் பாம்பன் அண்ணே. பானெட்டைத் திறந்தால் ஃபில்டர் தலையில் செருகும் பைப்பின் கழுத்தில் ஈரம், கீழே ஒரு சொட்டு. மறுநாள் பழையபடி மூக்கை மேலே வைத்து நிறுத்திப் பார்த்தேன். அதே உதறல், அதே புகை, பைப்பில் சரம் சரமாகக் குமிழி.

பைப் செட்டும் ஓரிங்கும் வர ஒரு வாரம் ஆனது. எல்லாம் சேர்த்து, கூலியோடு 9,400 ரூபாய். இங்கே டீசல் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் நீங்கள் எழுதியதைப் போனில் வைத்துப் படித்துப் படித்தே மாட்டினார். பழைய ஓரிங்கை எடுத்தபோது அது வளையவே இல்லை, அப்பளம் மாதிரி இரண்டாக உடைந்தது. இன்று ஐந்தாவது காலை, மூக்கு மேலேதான் நிற்கிறது, சாவியைத் திருப்பியதும் பிடிக்கிறது.

எர்த் பட்டையில் 0.8 வோல்ட் வந்தது. மாற்றியதும் ஸ்டார்ட்டர் சத்தமே வேறு. ஹீட்டர் பிளக்கில் நான்கு உயிரோடு, மூன்றாவது செத்திருக்கிறது. ஒரு விநாடி உதறல் மிச்சம் இருப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். அதை எடுக்கவா, விடவா?

தேவிபட்டினம் ஐயாவுக்கு: பலகையைக் கழற்றினோம். இடது பின் ஜாக்கிக் குழியில் விரல் நுழையும் ஓட்டை. மற்ற மூன்றும் தப்பித்திருக்கின்றன. ஓட்டைக்குத் தகடு வெட்டி வெல்டிங் வைக்க நாளை வண்டி போகிறது. வாப்பாவிடம் காட்டினேன், வெகுநேரம் குனிந்து பார்த்தார். இனி கிணற்றுக் குழாய்ப் பக்கம் வண்டியை நிறுத்தக் கூடாது என்று அவரே சொல்லிவிட்டார்.

பாம்பன் போட் மெக்கானிக் எழுதியது:

சந்தோஷம் அக்கா. பிளக்கை எடுக்கத்தான் வேண்டும், ஆனால் ஒரே நாளில் வேண்டாம். மேனிஃபோல்டைக் கழற்றி, பிளக்கின் அடியில் துருவை இளக்கும் எண்ணெய் விட்டு மூன்று நாள் ஊறட்டும். பிறகு எஞ்சின் சூடாக இருக்கும்போது சின்ன ஸ்பேனரில் கால் சுற்று தளர்த்தி, கால் சுற்று இறுக்கி, மெதுவாக வெளியே கொண்டுவர வேண்டும். கைக்கு இறுக்கமாகத் தெரிந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும். ஐந்தையும் புதிதாக வாங்கிவையுங்கள்.

வெல்டிங் வைக்கும்போது பேட்டரி வயர் இரண்டையும் கழற்றச் சொல்லுங்கள், மறந்துவிடாதீர்கள். பிளக் வேலைக்கு வண்டியைப் பாம்பனுக்கே கொண்டுவந்தாலும் சரி. ஏப்ரல் 15க்கு முன்பு வாருங்கள், தடைக்காலம் தொடங்கிவிட்டால் எல்லாப் படகும் கரையேறிவிடும், எனக்குக் கை ஒழியாது. வாப்பாவையும் கூட்டிவாருங்கள். பாலத்துக்குப் பக்கத்தில்தான் பட்டறை, வண்டி வாசல் வரை வரும், அவர் நடக்க வேண்டியதில்லை.