கம்பத்தில் கட்டிய மஞ்சள் தாள்: இங்கிலாந்து கிராமத்து பிளானிங் அனுபவங்கள்

சஃபோக்கில் ஒரு சின்ன கிராமத்தில் பத்து வருடத்துக்கும் மேலாக இருக்கிறோம். ஒரு தேவாலயம், ஒரு பப், வாரத்துக்கு இரண்டு நாள் பஸ், அவ்வளவுதான் ஊர். பிளானிங், அதாவது கட்டட அனுமதி விஷயத்தில் நான் இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன்.

2018ல் வீட்டின் பின்பக்கம் இரண்டு மாடி எக்ஸ்டென்ஷன் கட்ட நினைத்தோம். கீழே சமையலறை, மேலே அம்மா வந்தால் தங்க ஓர் அறை. எங்கள் தெரு கன்சர்வேஷன் ஏரியாவில், அதாவது பழைய தோற்றத்தைக் காக்க வேண்டிய பகுதியில் வருகிறது. அங்கே பின்பக்கமாக இருந்தாலும் இரண்டு மாடி என்றால் அனுமதி வாங்காமல் முடியாது. அப்போது கட்டணம் 206 பவுண்ட். 2025 ஏப்ரலில் அதை 528 ஆக்கிவிட்டார்கள். விண்ணப்பம் போட்ட பத்தாம் நாள், கவுன்சில் ஆள் வந்து எங்கள் வாசல் விளக்குக் கம்பத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு மஞ்சள் அறிவிப்புத் தாளைக் கட்டிவிட்டுப் போனார். கருத்துச் சொல்ல 21 நாள். அதற்குள் மழைத் தண்ணீர் உறைக்குள் இறங்கி எழுத்தெல்லாம் கரைந்துவிட்டது. ஆனாலும் ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

பக்கத்து வீட்டில் எழுபது வயதுப் பெண்மணி ஒருவர் இருக்கிறார். ஒவ்வொரு ஜனவரியிலும் செவில் ஆரஞ்சு வந்ததும் மார்மலேட் காய்ச்சி எங்களுக்கு ஒரு ஜாடி தருவார். கவுன்சில் இணையதளத்தில் வந்த முதல் ஆட்சேபம் அவருடையது. ஒன்றரைப் பக்கம். தன் சமையலறையிலிருந்து தேவாலயக் கோபுரம் தெரியாமல் போகும். வீட்டு விலை விழும். எங்கள் மாடி ஜன்னல் நேராகத் தன் முற்றத்தைப் பார்க்கும். என் மனைவி போனில் அதைப் படித்துவிட்டு, மேசையில் இருந்த மார்மலேட் ஜாடியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நேத்துகூட வாசல்ல நின்னு சிரிச்சுப் பேசினாங்களே."

பிளானிங் ஆபீசர் நேரில் வந்து பார்த்தார். கோபுரம் தெரிவதும் வீட்டு விலையும் கணக்கில் வராது, தன் ஜன்னலிலிருந்து தெரியும் வியூ மேல் யாருக்கும் உரிமை கிடையாது என்றார். மூன்றாவது புகாரை மட்டும் விடவில்லை. அந்த அறையின் தரையிலிருந்து 1.7 மீட்டர் உயரம் வரை ஜன்னல் திறக்கக் கூடாது, உள்ளே தெரியாத கண்ணாடிதான் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி வந்தது. எட்டு வாரம் என்று சொன்னது பதினொன்றானது. அடுத்த ஜனவரியிலும் மார்மலேட் வந்தது. அந்தக் கடிதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. இந்த ஊர் வழக்கம் அப்படி!

2019 கடைசியில் ஊருக்குப் பின்னால் இருக்கும் கோதுமை வயலில் 45 வீடு கட்ட ஒரு நிறுவனம் விண்ணப்பம் போட்டது. பாரிஷ் கவுன்சில் என்பது நம்மூர் ஊராட்சி மாதிரிதான், ஆனால் கட்டட அனுமதி தரவோ மறுக்கவோ அதற்கு அதிகாரமில்லை. கருத்துச் சொல்லலாம், அவ்வளவே. வழக்கமாக ஐந்து பேர் வரும் கூட்டத்துக்கு அன்று நாற்காலி போதவில்லை. ஒரே கடிதத்தை நகலெடுத்து எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். எத்தனை பேர் என்பதைவிட என்ன காரணம் என்பதுதான் எடுபடும் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை, பக்கத்து வீட்டுப் பெண்மணியைத் தவிர. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆல்பத்தோடு வந்தார். மழைக்காலத்தில் வயலோரப் பள்ளம் நிரம்பித் தெருவில் ஓடிய படங்கள், பன்னிரண்டு வருடத்தவை. ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் தேதி. தன் ஆட்சேபக் கடிதத்தில் வியூ பற்றி எழுதியிருந்த பத்தியை அவரே அடித்தார்.

முடிவெடுக்கும் மாவட்ட கவுன்சிலின் பிளானிங் கமிட்டியில் பேச மூன்று நிமிடம். அவர் இரண்டே முக்காலில் முடித்தார். கமிட்டி மறுத்தது. நிறுவனம் மேல்முறையீடு போனது. கவுன்சில் ஐந்து வருடத் தேவைக்கான வீட்டு மனைகளைக் காட்ட முடியாத நிலையில் இருந்தது. அப்படி இருந்தால் தராசு கட்டுபவர் பக்கம் சாயும்; பாதிப்பு நன்மையைவிடக் கணிசமாக அதிகம் என்று நிரூபித்தால்தான் தடுக்க முடியும். மேல்முறையீட்டை விசாரித்த பிளானிங் இன்ஸ்பெக்டர் அனுமதித்துவிட்டார். ஆனால் வெள்ள நீர்க் குட்டையைப் பெரிதாக்கி, அந்தப் படங்களில் தண்ணீர் நின்ற மூலைக்கே மாற்றச் சொன்னார்.

*

டெவனிலிருந்து இன்னொருவர்: எங்கள் கதை வௌவால் கதை. பழைய தானியக் கொட்டகையை வீடாக்க எண்ணி, செப்டம்பர் கடைசியில் பரணைப் பார்த்தால் எலிப்புழுக்கை மாதிரி ஏதோ கிடந்தது. கையில் நசுக்கினால் பொடியாகிப் போனது, அதனால் வௌவால். எல்லா வௌவாலும் இங்கே சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. அது வெளியே பறப்பதைக் கணக்கெடுக்க மே முதல் செப்டம்பர் வரைதான் காலம், ஆகவே அடுத்த கோடை வரை வேலை நின்றது. சாயங்காலம் இரண்டு பேர் மடக்கு நாற்காலி போட்டு, டிக் டிக்கென்று சத்தமிடும் கருவியோடு உட்கார்ந்தார்கள். வந்தது இரண்டே இரண்டு வௌவால். பில்லைப் பார்த்ததும் என் கணவர் உட்கார்ந்துவிட்டார்.

*

சர்ரேயிலிருந்து: எங்கள் பக்கம் சால்ஃபோர்ட்ஸில் ஒரு விவசாயி, வைக்கோல் கட்டுகளை அடுக்கித் தார்ப்பாய் போட்டு மறைத்து, உள்ளே ஒரு கோட்டையையே கட்டினார். நாலு வருடம் யாரும் கேட்கவில்லை என்றால் விட்டுவிட வேண்டும் என்ற விதியை நம்பி 2006ல் வைக்கோலை எடுத்தார். மறைத்து வைத்த காலம் கணக்கில் சேராது என்று ஆகி, வழக்கு இழுத்து, 2016ல் அவரே இடித்தார். இப்போது இங்கிலாந்தில் அந்த நாலு வருட விதியே போய்விட்டது. 2024 ஏப்ரல் 25 முதல் பத்து வருடம். அதனால் யாரும் வைக்கோல் வாங்கிவிடாதீர்கள்.

*

கார்ன்வாலிலிருந்து: முதலில் எழுதிய அண்ணாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் இங்கே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். ஊர் எல்லைக்கு வெளியே, உள்ளூர்த் தொடர்பு உள்ளவர்களுக்கு மட்டும் குறைந்த வாடகைக்கு என்று பன்னிரண்டு வீட்டுக்கு விண்ணப்பம் வந்தது. கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "இங்கே யாருக்கு வரப்போகிறது இந்த வீடு?" என்று கேட்டார். அவருடைய அம்மாவைக் காலையில் குளிப்பாட்டிவிட்டு வந்த நான் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வேலைக்கு வர தினமும் நாற்பது நிமிடம் கார் ஓட்டுகிறேன். எடுபடும் காரணங்களை மட்டும் எழுதச் சொல்லிக்கொடுத்தீர்கள், சரி. எழுத வேண்டுமா என்று யோசித்தீர்களா அண்ணா?

*

மறுபடியும் நான், சஃபோக்கிலிருந்து. தங்கச்சி, அன்றைக்கு யோசிக்கவில்லை என்பதுதான் உண்மை. அந்த 45 வீடுகளில் ஒன்றில் எங்கள் பையனின் வகுப்பு உதவியாளர் இருக்கிறார். முன்பு அவரும் உங்களைப் போலத்தான் தினமும் காரில் வந்து போனார். தண்ணீர் பற்றி இன்றைக்கும் எழுதியிருப்பேன். ஊர் கெட்டுவிடும் என்று கூட்டத்தில் பேசியதைப் பேசியிருக்க மாட்டேன்.

அப்புறம் ஒரு செய்தி. போன வாரம் அந்தப் புது வீடுகளில் ஒன்றின் வாசலில் மஞ்சள் தாள் கட்டியிருந்தார்கள். மாடியில் ஓர் அறை சேர்க்கிறார்களாம். இணையதளத்தைத் திறந்து பார்த்தேன். முதல் கருத்து பக்கத்து வீட்டுப் பெண்மணியுடையது. ஒரே பத்தி. பக்கவாட்டு ஜன்னலுக்கு 1.7 மீட்டர் வரை மங்கல் கண்ணாடி போடச் சொல்லியிருந்தார், அவ்வளவுதான்.