முடிச்சூரில் தரைத்தள வீடு: மழைக்கு முன் என்ன செய்து வைப்பது?

புதுக்குடித்தனம்:
போன மாதம்தான் சென்னை தாம்பரம் பக்கத்து முடிச்சூருக்கு வாடகைக்கு வந்தோம். 2015-லும் 2023-லும் தெருவில் தண்ணீர் நின்றதாக எதிர்வீட்டு அக்கா சொல்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி, சட்டென்று மாடி ஏற மாட்டார். வாசலில் மணல்மூட்டை அடுக்கினால் போதுமா? செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததாகச் செய்தி வந்ததும் கிளம்பினால் சரிதானே?

ஏரிக்கரைவாசி:
தம்பி, அந்தச் செய்திக்காகக் காத்திருக்காதீர்கள். செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் சேர்கிறது, அது ஆறு நம்மைத் தாண்டிப் போன பிறகு. நம்மை மூழ்கடிப்பது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர். டிவி அங்கே கேமராவை வைத்திருக்கும், இங்கே இடுப்பளவு ஓடும்! ரெட் அலர்ட் என்றதுமே, மழை பிடிக்கும் முன், பகலிலேயே அம்மாவை மாடி வீட்டுக்கோ உறவினர் வீட்டுக்கோ அனுப்பிவிடுங்கள். மாத்திரைச் சீட்டும் கூடவே போகட்டும்.

அப்புறம், வாசல் மட்டும் வழி இல்லை. 2015 டிசம்பர் 1 அன்று எங்கள் வாசற்படி நனையும் முன்பே குளியலறைத் துளையிலிருந்து கரப்பான்கள் சாரிசாரியாக வந்தன, பின்னாலேயே கறுப்புத் தண்ணீர். பழந்துணியைப் பாலிதீன் பையில் இறுக்கிச் சுருட்டித் துளைகளை அடையுங்கள். கழிவறைக் கோப்பையிலும் அப்படியே திணித்து, மேலே ஒரு மணல்மூட்டை. முழுக்க நிற்காது, ஆனால் பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்ய நேரம் கிடைக்கும்.

காஸ் சிலிண்டரை ரெகுலேட்டர் கழற்றிக் கட்டிப் போடுங்கள், காலி சிலிண்டர் மிதந்து போய்விடும்.

வயர்மேன்:
தண்ணீர் படியேறும் முன் மெயினை அணைத்துவிடுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியை உயரத்தில் வையுங்கள். வடிந்ததும் ஃபிரிட்ஜை ‘ஓடுதா பார்ப்போம்’ என்று போட்டுப் பார்க்க வேண்டாம், ஆள் வைத்துச் சோதித்த பிறகுதான். மூழ்கிய காரும் அப்படியே. சாவி போட்டால் இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறும், இன்ஷூரன்ஸ்காரர் அதையே காரணம் காட்டுவார்.

புதுக்குடித்தனம்:
நன்றி அண்ணா. சம்ப் (தரைக்கடித் தொட்டி) தண்ணீர்? மூடி தரையோடு தரையாக இருக்கிறது.

ஏரிக்கரைவாசி:
அப்படியென்றால் சாக்கடை அதில் இறங்கத்தான் செய்யும். மாடித் தொட்டியை முன்னாலேயே நிரப்பி, மோட்டாரை நிறுத்திவிடுங்கள். குடிக்க கேன் தண்ணீர் தனியாக. வடிந்தபின் சம்ப்பை முழுக்க இறைத்து, சேறு வாரி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கொட்டுங்கள். புதுத் தண்ணீர் நிரப்பியதும் 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம் பவுடர், ஒரு மணி நேரம் விடணும். குடிக்க எப்படியும் காய்ச்சித்தான். கழுவும் முன் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள், நிவாரணக் கணக்கெடுப்புக்கு வருகிறவர் பளபளவென்ற தரையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.