ஏர் ரைபிள் பேரலைத் துடைக்கலாமா, சும்மா விடலாமா?

கொழிஞ்சாம்பாறை அம்மா:
மகள் ஒன்றரை வருஷமாகப் பத்து மீட்டர் ஏர் ரைபிள் பழகுகிறாள். வீட்டில் இருப்பது பேரலை மடக்கிக் குண்டு போடும் ஸ்பிரிங் துப்பாக்கி, 4.5 மி.மீ. வைகாசி முடியவில்லை, அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அலமாரியில் இருக்கும் தோல் பெல்ட்டெல்லாம் பூசணம் பூக்கிறது. பேரலுக்குள்ளும் துரு ஏறிவிடுமோ என்று பயம். மாமனார், தேங்காய் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு வை என்கிறார். விடலாமா?

வாளையார்க்காரன்:
தேங்காய் எண்ணெய் வேண்டாம் அக்கா. மார்கழிக் காலையில் பாட்டிலில் உறைகிற மாதிரி பேரலுக்குள்ளும் உறையும். ஆனால் துடைப்பது அவசியம். நான் ஞாயிறு தவறாமல் கம்பியில் பித்தளை பிரஷ் மாட்டி நாலு இழுப்பு இழுத்துவிடுவேன். ஈயக் குண்டு உரசிக்கொண்டே போகிறது, பேரலின் உள்சுவரில் திருகு மாதிரி ஓடும் புரியில் ஈயம் படியாமல் எங்கே போகும்? பத்து மீட்டர் அட்டையில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் பொட்டு. அழுக்குப் பேரலை வைத்துக்கொண்டு அதைத் தேட முடியாது.

நகரி வெயில்:
தம்பி, நான் இதற்கு நேர் எதிர். துப்பாக்கி என்றாலே மருந்து வெடிக்கிறதுதான் நம் மனசில் வருகிறது. அதில் எரிந்த கரி தங்கும், துடைத்தாக வேண்டும். இதில் எரிய என்ன இருக்கிறது? போட்டி ரைபிளில் குண்டு நொடிக்கு ஏறக்குறைய 170 மீட்டர் வேகத்தில் போகிறது. மெத்தென்ற ஈயம், அதுவும் அந்த வேகத்தில், எஃகை ஒன்றும் செய்யாது. லேசாகப் படிகிற ஈயம் புரியைச் சமமாக்கி, குண்டெல்லாம் ஒரே மாதிரி போக வழி செய்கிறது. நான் குரூப், அதாவது அட்டையில் குண்டுகள் விழும் கூட்டம், விரிந்தால் மட்டும்தான் துடைப்பேன், மாசக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை.

பேரல்கள் கெட்டது கம்பியால்தான் என்பது என் அனுபவம். பழைய துப்பாக்கி ஒன்று வாங்கினேன். எந்தக் குண்டு போட்டாலும் குரூப் சேரவில்லை. குண்டு வெளியேறும் பேரல் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தால், விளிம்பின் அடிப்பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்து கிடந்தது. முன்பு வைத்திருந்தவர் வாய்ப் பக்கமாகவே கம்பி விட்டு விட்டு எடுத்திருக்கிறார். குண்டு கடைசியாகத் தொட்டுப் போகும் இடம் அது. அங்கே ஒரு பக்கம் தேய்ந்தால் பின்னால் வரும் காற்று அந்தப் பக்கமாக முந்திக்கொண்டு குண்டைச் சாய்த்துவிடும்.

வாளையார்க்காரன்:
அண்ணே, உங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகையோடு மழை முடிந்தது. இங்கே கணவாய்க்குள் மூன்று மாசம் சுவரே வியர்க்கிறது. போன ஆடியில் உறையில் போட்டு வைத்ததை ஆவணியில்தான் எடுத்தேன். விட்ட துணி செங்கல் நிறத்தில் வந்தது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நகரி வெயில்:
உறையிலா வைத்தீர்கள்? பஞ்சு வைத்த உறை ஈரத்தை இழுத்து உள்ளேயே வைத்துக்கொள்ளும். அது துரு, நான் பேசியது ஈயம். இரண்டுக்கும் ஒரே பிரஷ்ஷை எடுக்காதீர்கள்.

செங்கோட்டை டீச்சர்:
எங்களுக்கும் சாரல் ஊர்தான், அதனால் தம்பி சொல்லும் துரு எனக்குத் தெரியும். ஆனாலும் வாராவாரம் பிரஷ் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அம்மா, எண்ணெய் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், பட்டவள் நான். தையல் மெஷின் எண்ணெயைத் தாராளமாக விட்டு ஒரு முறை சுட்டேன். வழக்கமான டப் சத்தம் போய்ப் படாரென்று வெடித்தது, வாயிலிருந்து நீலப் புகை, கருகிய நாற்றம். பிஸ்டன் காற்றை அமுக்கும்போது அது கொதிக்கிற சூடாகிறது, அங்கே எண்ணெய் இருந்தால் டீசல் இன்ஜின் மாதிரி பற்றிக்கொள்ளும். இரண்டே வாரத்தில் பிஸ்டன் சீல் போயிற்று.

துடைக்கும் வழி இது. உள்ளே குண்டு இல்லை என்று பாருங்கள். முழுக்க மடக்கி ஸ்பிரிங்கை ஏற்ற வேண்டாம், பின்பக்கம் திறக்கும் அளவுக்கு மடக்கினால் போதும். கெட்டித் தூண்டில் நரம்பை வாய் வழியாக விட்டு, பின்பக்கம் வந்த முனையில் நகத்தளவு பருத்தித் துணியைக் கட்டி, வாய்ப் பக்கமாக ஒரே இழுப்பில் எடுங்கள். திரும்ப உள்ளே தள்ளக் கூடாது. முதல் துணி கன்னங்கரேலென்று வரும், அடுத்தது சாம்பல், சாம்பல் வெளுத்தவுடன் நிறுத்திவிடுங்கள். மழை மாசத்தில் மட்டும் கடைசித் துணியில் எண்ணெய் தொட்டதும் தொடாததுமாக இருக்கட்டும், சுடுவதற்கு முன் காய்ந்த துணி ஒன்றை இழுத்துவிடுங்கள். சுத்தம் செய்ய விற்கும் கம்பளிக் குண்டை ஸ்பிரிங் துப்பாக்கியில் ஒற்றையாகப் போட்டுச் சுடாதீர்கள், அது வெறும் துப்பாக்கியைச் சுடுவதற்குச் சமம், பிஸ்டன் மோதும். துணி கறுப்பாக வருகிறதே, அது ஈயம். பிள்ளை சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்க விடாதீர்கள்.

வாளையார்க்காரன்:
டீச்சர், நரம்பு சரி. ஆனால் பிரஷ் இல்லாமல் கெட்டியான ஈயம் போகுமா?

செங்கோட்டை டீச்சர்:
போகாது. நாலைந்து துணி இழுத்தும் குரூப் சேரவில்லை என்றால் அப்போது பிரஷ், அதுவும் பின்பக்கத்திலிருந்து. வருஷத்தில் ஒரு முறை வந்தாலே அதிகம்.

நகரி வெயில்:
துடைத்த அன்றே போட்டிக்குப் போகாதீர்கள். எனக்குத் துடைத்த பின் முதல் இருபது குண்டு வரை ஊர் சுற்றும், அப்புறம்தான் அடங்கும்.

கொழிஞ்சாம்பாறை அம்மா:
நேற்று சாயங்காலம் நரம்பில் கட்டி இழுத்தோம். நாலாவது துணி வெளுத்தது, துருவின் சிவப்பு எங்கேயும் இல்லை. அண்ணா சொன்னது போலவே ஆரம்பத்தில் சிதறியது, பதினாறாவது குண்டிலிருந்து ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கியது. உறையைக் கொடியில் காயப் போட்டுவிட்டேன். இப்போது துப்பாக்கி மச்சில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், சுவரில் ஒட்டாமல் நிற்கிறது. மாமனார் எண்ணெய்க் கிண்ணத்தை அடுக்களைக்கே திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.