ப்ளஸ் டூ பிசிக்ஸ்: வருஷத் திட்டத்தை எங்க தொடங்கலாம்?

கேள்வி: உசிலம்பட்டி பக்கம், அரசுப் பள்ளி

வணக்கம். 12-ம் வகுப்பு இயற்பியலுக்கு வருஷத் திட்டம் போடணும். தமிழ் மீடியம். பாதிப் பேர் பாட்டனி–ஜுவாலஜி குரூப், கணக்குப் பாடமே கிடையாது. லேப்ல ஸ்பெக்ட்ரோமீட்டர் (ஒளி திரும்புற கோணத்தை அளக்கிற கருவி) ஒண்ணுதான். "பாடம் முடிந்தது"ன்னு எழுதாம, பிள்ளைங்களுக்கு என்ன செய்யத் தெரிஞ்சிருக்கணும்னு அலகு வாரியா எழுதலாம்னு இருக்கேன். எங்க தொடங்கலாம்?

மேலூர் பி.ஜி. டீச்சர்

ஜூன்ல நிலைமின்னியலைத் தொடாதீங்க சார். முதல்ல 5 பீரியட் கணக்கு. மொத்த நுண்கணிதமும் வேண்டாம். sin ωt-யை வகையிடணும், அது ஏசி ஜெனரேட்டருக்கு. 1/r²-ஐத் தொகையிடணும், மின்னழுத்தத்துக்கு. dN/N தொகையிட்டா மடக்கை வரும், கதிரியக்கச் சிதைவுக்கு. ரெண்டு வெக்டரோட குறுக்குப் பெருக்கல் எந்தத் திசைன்னு தெரியணும், அது லாரன்ஸ் விசைக்கு (காந்தப் புலத்துல நகர்ற மின்னூட்டத்து மேல வர்ற விசை). இவ்வளவுதான்.

புரிஞ்சுதான்னு பார்க்க: அயோடின்-131-க்கு அரை ஆயுள் (பாதியாகக் குறையுற காலம்) 8 நாள், 24 நாள்ல எவ்வளவு மிச்சம்? எட்டுல ஒரு பங்குன்னு வரணும். "16 நாள்லயே தீர்ந்துரும்"னா இன்னும் நேர்கோட்டுலயே யோசிக்கிறாங்க. சூத்திரத்தை ஒப்பிக்க வைக்கிறதை விட இந்த ஒரு கேள்வி மேல்.

லேப் ஆளு, மதுரை

டேஞ்சன்ட் கால்வனோமீட்டர் (கம்பிச் சுருளுக்கு நடுவுல காந்த முள் வச்ச கருவி) சோதனைக்கு "B_H கண்டறிதல்"னு மட்டும் எழுதாதீங்க (B_H-னா புவிக்காந்தப் புலத்தோட கிடைத்தளக் கூறு). "விடை சரியான்னு தானே சொல்லணும்"னு சேருங்க. நம்ம ஊர் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கம், சரிவுக் கோணம் (புலம் கிடைத்தளத்துலேருந்து சாயுற கோணம்) சில டிகிரிதான். அதனால புவிக்காந்தப் புலம் கிட்டத்தட்ட முழுசும் கிடைத்தளத்துலயே இருக்கும், சுமார் 4 × 10⁻⁵ டெஸ்லா. சுருள் 8 செ.மீ. ஆரம், 5 சுற்று எடுத்தா முள் 45° விலக 1 ஆம்பியர் பக்கம் ஓடும். 30°-லேருந்து 60°-க்குள்ள நிறுத்துங்க, அதாவது 0.6 முதல் 1.7 ஆம்பியர். அதுக்கு வெளியே ஒரு டிகிரி தப்பாப் படிச்சாலும் விடை நிறைய மாறும். விடை ரொம்ப விலகினா முதல்ல மேஜையோட இரும்புக் காலையும் பாக்கெட்ல இருக்கிற செல்போனையும் பாருங்க. முள்ளோட ரெண்டு முனையும் படிச்சு, கம்யூட்டேட்டரை (மின்னோட்டத் திசையை மாத்துற சாவி) திருப்பி மறுபடி ரெண்டு, ஆக நாலு அளவு.

திருமங்கலம்

டயோடு, ஜீனர், லாஜிக் கேட்னு எலெக்ட்ரானிக்ஸ் எல்லாம் கடைசியில வருது, ஆனா பிராக்டிகல்ல கணிசமான பங்கு அதுதான். மின்னோட்டவியல் முடிஞ்ச கையோட லேப்ல மட்டும் தொடங்கிருங்க. தியரி வரிசையைக் கலைச்சா காலாண்டுப் போர்ஷன் இடிக்கும்.

டயோடுக்கு வோல்டேஜை 0.2 வோல்ட் படியா ஏத்துனா மின்னோட்ட வளைவே தெரியாது. சிலிக்கானுக்கு 0.5 வரைக்கும் 0.1, அப்புறம் 0.02. லாஜிக் கேட் ஐசியில (சிப்) 7402 தனி ஜாதி: 7400, 7408, 7432-ல முதல் கேட்டோட அவுட்புட் 3-வது கால், இதுல 1-வது. பழக்கத்துல மாட்டிட்டு "கேட் வேலை செய்யல"ம்பாங்க. சப்ளை 5 வோல்ட்தான், 9 வோல்ட் பேட்டரியைக் குடுத்தா ஐசி போயிரும்.

கேட்டவர்

நன்றி. அந்த ஒரே ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு என்ன வழி?

லேப் ஆளு, மதுரை

ஆரம்பச் சரிசெய்தலை நீங்களே முடிச்சு வைங்க, நாலு பேரா சுழற்சியில விடுங்க, மத்தவங்க அந்நேரம் மீட்டர் பிரிட்ஜ் (மின்தடை அளக்கிற சோதனை) செய்யட்டும். கிரௌன் கண்ணாடி, 60° முப்பட்டகம்னா சிறும விலகு கோணம் (ஒளி திரும்புற மிகக் குறைஞ்ச கோணம்) 37°-ஐ ஒட்டி வரும். ரெண்டு அளவையும் கழிச்சு 300-க்கு மேல வந்தா வெர்னியர் (நுண்ணளவுகோல்) 360-ஐத் தாண்டியிருக்கு. சின்ன அளவோட 360 கூட்டிட்டுக் கழிக்கச் சொல்லுங்க. இதையும் உங்க "செய்யத் தெரியணும்" பட்டியல்ல எழுதிக்கோங்க சார்.