பனையிலிருந்து விழுந்தவருக்குத் திடீர் தலைவலி, பிபி 170: மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி (கருங்கல்):
கழுத்துத் தண்டுவடத்தில் சி6 (கழுத்தின் ஆறாவது எலும்பு மட்டம்) அடி. வீட்டில் யூரின் டியூபோடு இருக்கார். இரண்டு நாளாகத் திடீர்னு மண்டை பிளக்குற தலைவலி, முகம் சிவந்து வியர்க்குது. பிபி மாத்திரை கொடுக்கலாமா?

பதில் 1 (தக்கலை):
மாத்திரையை அப்புறம் பாக்கலாம். உடனே நிமிர்த்தி உட்கார வையுங்க, காலைத் தொங்கப் போடுங்க. படுக்க வச்சா இன்னும் ஏறும். இறுகின துணியைத் தளர்த்துங்க. அடுத்து டியூபைப் பை வரைக்கும் விரலால் தடவிப் பாருங்க. தொடைக்கடியில் மடங்கியிருக்கலாம், வெள்ளைப் படிவு அடைச்சிருக்கலாம். இது ஆட்டோனோமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா (தண்டுவட அடிபட்டவங்களுக்கு பிபி திடீர்னு எகிறும் நிலை) மாதிரி இருக்கு. டி6 (நெஞ்சுப் பகுதி முதுகெலும்பில் ஆறாவது மட்டம்) அல்லது அதுக்கு மேலே அடிபட்டவங்களுக்குத்தான் பெரும்பாலும் வரும். மூத்திரப்பை நிறைஞ்சதும் அடிபட்ட இடத்துக்குக் கீழே ரத்தக்குழாய்கள் இறுகும். தளர்த்தச் சொல்லும் மூளையின் கட்டளை கீழே இறங்காது. இவங்களுக்கு மேல் பிபி சாதாரணமாவே 90–110தான். அதனால 170 ஆபத்து.

பதில் 2 (மார்த்தாண்டம்):
டியூப் சரியா இருந்தா மலச்சிக்கல், படுக்கைப்புண், சதைக்குள் வளர்ந்த கால்நகம் பாருங்க. மலம் எடுக்குமுன் லிக்னோகெயின் ஜெல்லி (மரத்துப்போக வைக்கும் மருந்து) தடவிச் சில நிமிஷம் பொறுங்க, இல்லன்னா பிபி எகிறும். சில நிமிஷத்துக்கொரு தடவை பிபி பாருங்க. 150க்குக் கீழே இறங்கலைன்னா உட்கார்ந்த நிலையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. இறங்கினாலும் 2 மணி நேரம் கவனிக்கணும்.

கேட்டவர்:
டியூப் மடங்கித்தான் கிடந்தது. நிமிர்த்தினதும் 600 மில்லி வடிஞ்சுது. பிபி இப்போ 112.